மரைக்காரின் பதில்

ஆறு வயது ஸப்ரானுக்குத் திக்குவாய். வகுப்பில் சிரிக்கிறார்கள் என்று பள்ளிக்கூடம் போக மறுத்துவிட்டான். தாய் நப்லா அவனைப் புத்தளத்துக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிவந்தாள். மாமனார் சாலி மரைக்காரும் கூடவே வந்து, கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

“குடும்பத்தில வேற யாருக்கும் இப்படி இரிக்கா?” என்று கேட்டாள் பயிற்சி கொடுக்கும் மிஸ்.

“இல்ல மிஸ். மாமா முப்பது வருஷமா கண்டக்குழிப் பள்ளிவாசல்ல பாங்கு சொல்றவர். அந்தக் குரலுக்குக் கடல்ல நிக்கிற வள்ளமும் திரும்பும்.”

வீட்டில் மரைக்கார் கதைப்பதில்லை. தலையசைப்பார், இல்லையென்றால் முறைப்பார். அதைக் குடும்பத்தின் மிடுக்கு என்றே எண்ணி, எட்டு வருடமாக அடங்கி நடந்தவள் நப்லா.

“மகன் குர்ஆன் ஓதக்குள்ளயும் தடக்குதா?”

“இல்ல மிஸ், கதைச்சாத்தான்.”

“கன பேருக்கு அப்படித்தான். ராகத்தோட வந்தா தடக்காது.”

மரைக்கார் தொண்டையைச் செருமினார்.

“எ... எ... எனக்கும் அ... அப்படித்தான்.”

நப்லா சட்டென்று மாமனார் பக்கம் திரும்பினாள். ஸப்ரான் பாட்டனாரின் வாயையே அண்ணாந்து பார்த்தான். பிறகு தன் கதிரையை அவர் பக்கம் இழுத்தான்.

“மூ... மூத்தாப்பா, நாளைக்கு என்னை ஸ்கூலுக்குக் கூ... கூட்டிப் போவீங்களா?”

மரைக்கார் தலையசைக்கவில்லை.

“ஓ... ஓம்” என்றார்.