நான்கிலிருந்து ஒன்றுக்கு

காலை ஆறு மணிக்கு எழுந்தேன். பல் தேய்த்தேன். பால் காய்ச்சினேன். பல்கலைக்கழக முத்திரை பதித்த கோப்பையில் காபியை ஊற்றிக்கொண்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த தரவரிசைப் பட்டியலின் முன்னால் போய் நின்றேன். தினமும் நிற்பதுதான்.

போன மாதம் வெளிவந்த பட்டியல். நான்காம் இடத்தில் இருந்த நாங்கள் முதலிடத்துக்கு ஏறியிருந்தோம். நாங்கள் என்றால், நான் படித்து, இப்போது வேலையும் பார்க்கிற பல்கலைக்கழகம்.

அங்கே தரவரிசைப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு நாள் வந்து கைகுலுக்கிவிட்டுப் போன வெளிநாட்டுப் பேராசிரியரை, ஆண்டு முழுக்க இருந்தவராகப் படிவத்தில் ஏற்றியவன் நான். அப்படிக் கிடைத்த இடத்தைப் பார்த்து அதிகமாக நெஞ்சை நிமிர்த்தியவனும் நான்தான்.

ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. மச்சினி லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். வீட்டில் அவளைக் குட்டி என்போம்.

“மாமா, ரெண்டு இடத்துலயும் சீட் வந்துடுச்சு. ஒம்பது மணிக்குள்ள ஏதாவது ஒண்ணை அமுக்கணும். அப்பாவைக் கேட்டா, மாப்பிள்ளை சொல்றதுதான்னு சொல்லிட்டாரு.”

ஒன்று எங்கள் பல்கலைக்கழகம். இன்னொன்று பட்டியலில் அறுபத்து மூன்றாவது. அந்தப் பக்கத்தை நான் அச்சடித்து ஒட்டக்கூட இல்லை.

“இதுல யோசிக்க என்ன இருக்கு?”

“அங்க மண்ணைப் பத்திப் படிக்கத் தனித் துறையே இருக்கு மாமா. ஒரு சந்தேகம் கேட்டு எழுதினேன். அந்த மேடம் நாலு பக்கம் பதில் போட்டாங்க. உங்க ஆளுங்க, ‘தங்கள் கடிதம் கிடைத்தது’ன்னு ஒத்தை வரி.”

“முதலிடத்துல இருக்கறவங்க அப்படித்தான் எழுதுவாங்க.”

“எனக்கு மண்ணுதான் மாமா படிக்கணும்.”

“எங்க வளாகத்துல இல்லாத மண்ணா?”

“அக்கா இருந்திருந்தா இதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சிருப்பா,” என்றாள் குட்டி. அவள் சிரிக்கவில்லை.

சிரித்துத்தான் இருப்பாள். என் மனைவி படித்த கல்லூரி எந்தப் பட்டியலிலும் கிடையாது. கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைவிடப் பல்கலைக்கழகத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னவன் நான். “மாப்பிள்ளை யாரு, அந்தக் கட்டடமா?” என்று அன்றைக்கே கேட்டவள் அவள்.

அவள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது.

“அக்கா கடைசியா என்ன சொன்னா, ஞாபகம் இருக்கில்ல?” என்றேன்.

குட்டி தலையைக் குனிந்துகொண்டாள். “என் படிப்பைப் பாத்துக்கச் சொன்னா.”

அவர்கள் வீட்டில் எல்லோருக்கும் அது மனப்பாடம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, அவர்கள் அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது நான் சொன்னது.

“அவ்வளவுதான் சொன்னேன் அன்னைக்கு. முழுசா சொல்ல முடியலை,” என்றேன். “‘குட்டியை உங்க யுனிவர்சிட்டியிலயே சேத்து விடுங்க. அவ முதலிடத்துல இருக்கற இடத்துலதான் படிக்கணும்.’ இப்படிச் சொல்லிட்டுத்தான் கண்ணை மூடினா.”

குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேசையில் லேப்டாப்பைத் திறந்தாள். திரையில் அம்புக்குறி அறுபத்து மூன்றைத் தாண்டி எங்கள் பெயரின் மேல் வந்து நின்றது. தண்ணீர் குடிக்க எழுந்து ஃபிரிட்ஜ் பக்கம் போனவள், கதவைத் திறக்காமல் அப்படியே நின்றாள்.

“மாமா, இந்த லிஸ்ட் எப்ப வந்துச்சு?”

“போன மாசம்.”

“அக்கா இருந்தப்போ நீங்க எத்தனாவது இடம்?”

வாயில் இருந்த காபியை விழுங்கினேன். படிவங்களில் தேதியோடு தேதி இடிக்காமல் பார்த்துக்கொள்வதற்காகத்தான் எனக்கு ஆறு வருடமாகச் சம்பளம் தருகிறார்கள். சொந்த வீட்டில் இடித்துவிட்டது.

“நாலாவது.”

“அப்போ அக்கா எப்படி முதலிடம்னு சொன்னா?”

நான் கோப்பையில் இருந்த முத்திரையைப் பார்த்தேன்.

“படிப்பைப் பாத்துக்கச் சொன்னதும் பொய்யா? நெஜமா கடைசியா என்னதான் சொன்னா மாமா?”

பதினோரு மாதமாக யாரிடமும் சொல்லாதது. அழுகிற வீட்டில் சொல்லக்கூடிய பேச்சு இல்லை அது. இப்போது சொன்னால் குட்டி எதை அமுக்குவாள் என்பதும் எனக்குத் தெரியும். சொன்னேன்.

அவசரப் பிரிவில் படுத்திருந்தாள். தொண்டைக்குள் குழாய் வைக்க ஓர் இளம் டாக்டர் வந்தார். அந்த நேரத்திலும் அவரிடம் எனக்குக் கேட்கத் தோன்றியது ஒன்றுதான்: எங்கே படித்தீர்கள்? அவர் சொன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் காதருகே குனிந்து, “பயப்படாதே, நம்ம யுனிவர்சிட்டி ஆளுதான்,” என்றேன்.

அவள் டாக்டரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் விலக்கினாள். அவள் சொன்னதைக் கேட்டு அந்த டாக்டரே சிரித்துவிட்டார். குழாய் வைத்த பிறகு அவள் பேசவில்லை. அவள் கடைசியாகச் சொன்னது இதுதான்:

“அய்யய்யோ... வேற யுனிவர்சிட்டி ஆளு யாரும் இல்லையா?”