காலியாக விட்ட கட்டம்

"நாற்பது நிமிஷம் லேட், ஜுவைரியா."

குழுத் தலைவர் பாட்ரிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். காரைக்கால் கடற்கரையில் சைக்கிள் குழுவின் மற்ற எல்லாரும் ஏழு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஜுவைரியா சைக்கிளைச் சாய்த்து வைத்தாள். சட்டைக் கையில் ரத்தக் கறை.

"விழுந்துட்டீங்களா?"

"இல்ல சார். திருவேட்டக்குடிகிட்ட ஒரு கீரி அடிபட்டுக் கெடந்துச்சு. உசுரு இருந்துச்சு. அடங்குற வரைக்கும் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

ஞாயிறுதோறும் நூறு கிலோமீட்டர் மிதிக்கிற குழு அது. ஆறு மாதமாக, சாலையில் அடிபட்டுச் சாகும் உயிர்களையும் குறித்து வருகிறார்கள். என்ன பிராணி, எந்த இடம், எத்தனை மணி என்று. அதை வைத்து எங்கெங்கே வேகத்தடை வேண்டும் என்று அறிக்கை தயாரிக்கிற ஆராய்ச்சியாளர் செம்பியனும் அன்று லேப்டாப்போடு வந்திருந்தார்.

ஜுவைரியா நீட்டிய குறிப்புத் தாளை பாட்ரிக் வாங்கிப் பார்த்தார்.

"கீரி. ஆறு பத்து. சரி. அடிச்சதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். என்னைத் தாண்டிப் போன கார்தான்."

"வண்டி நம்பர் கட்டம் காலியா இருக்கே? கவனிக்கலையா?"

"கவனிச்சேன் சார்."

பாட்ரிக்கின் குரல் உயர்ந்தது. அந்தக் கட்டத்தைத் தாளில் சேர்த்தே ஆக வேண்டும் என்று சண்டை போட்டவர் அவர்தான்.

"கவனிச்சும் எழுதலைன்னா என்ன அர்த்தம்? தெரிஞ்சவங்க வண்டியா?"

"ஆமா சார்."

கூட்டத்தில் யாரோ 'ச்' கொட்டினார்கள்.

"நல்லா இருக்கு! நிறுத்தி என்னான்னுகூடப் பார்க்காமப் போன ஆளுக்குப் பரிஞ்சுக்கிட்டு நிக்கிறீங்க. அப்புறம் நாம எதுக்கு இந்தத் தாளைத் தூக்கிக்கிட்டு அலையணும்?"

"வேணும்னு அடிக்கல சார். சட்டுனு குறுக்க ஓடிருச்சு. அதான்..."

"அதை முடிவு பண்றது உங்க வேலை இல்ல. பார்த்ததை எழுதுறதுதான் வேலை." பேனாவை நீட்டினார். "எழுதுங்க. இல்லன்னா அடுத்த வாரத்துலேருந்து வர வேணாம்."

ஜுவைரியா ஒரு கணம் தயங்கினாள். பிறகு பேனாவை வாங்கி எழுதினாள். தாளை இரண்டாக மடித்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்களே பார்த்துக்குங்க சார். சத்தமா படிக்கணும்னு இல்ல."

பாட்ரிக் பிரித்தார். பார்த்தார். மறுபடியும் பார்த்தார்.

"நம்பர் சொல்லுங்க சார், பதிஞ்சுடலாம்" என்றார் செம்பியன், லேப்டாப்பில் விரலை வைத்துக்கொண்டு.

பாட்ரிக் தாளை மடித்தார். மறுபடி பிரித்தார்.

"சார்?"

"கல்லுன்னு நெனச்சேன்" என்றார் பாட்ரிக். யாருக்கும் புரியவில்லை.

ஜுவைரியா தலையைக் குனிந்துகொண்டாள்.

பாட்ரிக் செம்பியன் பக்கம் திரும்பினார். "போட்டுக்குங்க. பி.ஒய். ஜீரோ டூ..."

ஒவ்வொரு எண்ணாக, நிறுத்தி நிறுத்தி, சத்தமாகவே படித்தார். கடைசி எண்ணைச் சொல்லி முடித்தபோது எல்லாரும் திரும்பி, அவர்களுக்குக் காலை டிபன் வாங்கிக்கொண்டு பாட்ரிக் ஓட்டி வந்திருந்த காரைப் பார்த்தார்கள்.