ஆளில்லாச் சுரங்கம்

"மூடிக் கிடக்குற நிலக்கரிச் சுரங்கம். ஈ, காக்கா இல்லாத இடம். குத்தகைக்கு எடுத்தா மானியமும் உண்டுன்னா கம்பெனிக்காரனுக்குக் கசக்குமா?" புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி சிரித்தார். "அங்கே யாரும் இல்லியே?"

"இல்ல சார்," என்றார் சர்வேயர்.

"பின்னாடி யாராவது கிளம்பி வந்தா என் தலைதான் உருளும்."

"வர மாட்டாங்க சார். நான் வாராவாரம் போய்ப் பார்க்குறேன்."

அதிகாரி நிம்மதியாகக் கையெழுத்திட்டார். "வேலையில அவ்வளவு அக்கறையா!"

"வேலைக்காக இல்ல சார்." சர்வேயர் கையெழுத்தான தாளை எடுத்துக்கொண்டார். "உள்ளே தீப்பிடிச்சப்போ, நிலக்கரி எரிஞ்சு வீணாகக் கூடாதுன்னு சுரங்கத்து வாயை அடைச்சுட்டாங்க. என் மகன் உள்ளேதான் இருந்தான். இப்பவாவது திறப்பாங்கல்ல?"