பார்லி வயலில் ஒன்றுமில்லை

"ஐயா, லண்டன்லேர்ந்து வர்றேன். இங்க பூனைப்பருந்து கூடு கட்டியிருக்காமே?" வேலிக்கு வெளியே நின்ற கேமராக்காரன் கேட்டான்.

கிளிஃபர்டுக்குத் தூக்கிவாரிப்போட்டது. சேதி பரவினால் நாளைக்கே ஒரு கூட்டம், பயிருக்குள் தரையில் கூடு இருக்கும் பின்பக்கத்து பார்லி வயலை மிதித்து நிற்கும். தாய்ப்பருந்து மிரண்டு, குஞ்சுகளை விட்டுப் போய்விடும். அதற்குப் பயந்து கட்டிய மனைவியிடம்கூடக் கூட்டைப் பற்றி மூச்சு விடாதவர் அவர்.

பதில் சொல்வதற்குள் மேவிஸ் தேநீரோடு வந்துவிட்டாள்.

"இவர்கிட்டயா கேக்கறீங்க? கோடை முழுக்க பைனாகுலரும் கையுமா உக்காந்து கண்டது நாலு காக்கா! கண்ணு மங்கிடுச்சு, ஒத்துக்கத்தான் மாட்டாரு. நீங்க ஆத்தோரமா போய்ப் பாருங்க தம்பி."

அவன் சிரித்தபடி காரைக் கிளப்பினான்.

"ஊரான் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியே!"

"நீங்க முழிச்ச முழியே காட்டிக் கொடுத்திருக்கும். கடைசிக் குஞ்சு இப்பதான் றெக்கை அடிச்சுப் பழகுது, பாவம்."

கிளிஃபர்ட் சட்டென்று அவள் பக்கம் திரும்பினார். "உனக்கு எப்படி..?"

"முட்டையிட்ட நாள்லேர்ந்து சமையலறை ஜன்னல் வழியா பாக்கறேன்."

"என்கிட்டகூடச் சொல்லலையே!"

மேவிஸ் பெருமையாக நிமிர்ந்தாள்.

"கூடு இருக்கற இடத்தை யாராவது புருஷன்கிட்ட சொல்வாங்களா?"