பாதிப் பாடம்

"சொல்லு. மாமாவும் கேக்கட்டும். இவனுக்கு இந்தக் கண்ணு எங்கேர்ந்து வந்துச்சு?"

அப்பா நாற்காலியை மாமாவின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அமீர்பேட் கோச்சிங் வகுப்பிலிருந்து வந்த நான் இன்னும் பையைக்கூட இறக்கவில்லை.

"ஆம்பளப் பிள்ளைக்கு அம்மாகிட்டேர்ந்துதான் வரும்ப்பா" என்றேன். "அது எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பையனுக்கு அது அம்மா குடுக்கறது. அப்பா குடுக்கறதில்ல."

அப்பா தொடையில் ஓங்கித் தட்டினார்.

"கேட்டுக்க மச்சான். டாக்டருக்குப் படிக்கிற பொண்ணு சொல்லுது."

வாசல் நிலையில் சாய்ந்து நின்ற அண்ணன் தினேஷ், "சோடோ நா, விடுங்கப்பா" என்றான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

போன மாதம்தான் அவன் ரயிலில் உதவி டிரைவர் வேலைக்கான எழுத்துத் தேர்வில் தேறி, கண் பரிசோதனையில் விழுந்தான். வண்ணப் புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லியிருக்கிறார்கள். அவன் சொன்னதில் பாதிக்கு மேல் தப்பு.

தாத்தா ரயில் ஓட்டியவர். அப்பா செகந்திராபாத்திலிருந்து முப்பத்தோரு வருடம் சரக்கு ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர்.

தகுதியில்லை என்று கடிதம் வந்த நாளிலிருந்து அப்பா அம்மாவின் கையால் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை. "குருட்டு வம்சத்துல போய்ப் பொண்ணு எடுத்தேன்" என்பார், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி.

நாராயணசாமி மாமா அம்மாவின் அண்ணன். தக்காளி பழமா காயா என்று கடைக்காரரைக் கேட்டுத்தான் வாங்குவார். சிவப்பும் பச்சையும் அவருக்கு ஒன்றுதான் என்பது சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். சமாதானம் பேச வந்தவர், இப்போது குற்றவாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நான் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான்.

அன்று வகுப்பில் விலங்கியல் சார் அந்தப் புள்ளிப் படப் புத்தகத்தைச் சுற்றுக்கு விட்டிருந்தார். தெரிகிற எண்களை வரிசையாக நோட்டில் எழுத வேண்டும்.

பக்கத்தில் இருந்த அனுபமா கடகடவென்று எழுதினாள். பன்னிரண்டு, எட்டு, ஆறு, இருபத்தொன்பது, ஐம்பத்தேழு.

முதல் பக்கத்தைத் தாண்டி எனக்கு வெறும் புள்ளிகள்தான்.

அவளுடையதைப் பார்த்து எழுதினேன். சார் கவனித்துவிட்டார்.

வகுப்பு முடிந்ததும் கூப்பிட்டார். கோபப்படவில்லை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று அம்மா கொடுப்பது, ஒன்று அப்பா கொடுப்பது. இரண்டிலும் குறை இருந்தால்தான் பெண்ணுக்கு இது வரும். அப்படியென்றால் உன் அப்பாவுக்கும் இருக்கும், காட்டிப் பார் என்று தெலுங்கில் சொல்லிப் புத்தகத்தைக் கொடுத்தனுப்பினார்.

அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அவர் கேட்கவில்லை.

எஞ்சினில் சிக்னலின் நிறத்தை உதவி டிரைவர் உரக்கச் சொல்வார், டிரைவர் அதைத் திருப்பிச் சொல்வார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

இப்போது புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தேன். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை.

மாமா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மெல்லக் கேட்டார்.

"நீங்களும் ஒரு தடவை படிச்சுக் காட்டுங்களேன் மாப்பிள்ளை."

"எனக்கே டெஸ்ட்டா? எதுக்கு?" அப்பா சிரித்தார். "சரி, பாத்துடு. ஜலஜா, இங்க வா. புஸ்தகத்தப் பிடி."

ஒரு மாதத்தில் முதல் தடவையாக அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். புத்தகத்தை அவர் முகத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள்.

"பன்னிரண்டு. எட்டு. ஆறு."

தடுமாற்றமே இல்லை. சார் சொன்னது தப்பு என்று அந்த ஒரு கணம் நான் சந்தோஷப்பட்டேன்.

அடுத்ததாக இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் திரும்பின. பக்கத்தின் மூலையில் பட எண் ஐந்து என்று அச்சிட்டிருந்தது.

"இருபத்தொன்பது" என்றார் அப்பா.

அம்மா அந்தப் பக்கத்தையே பார்த்தாள். அந்த அறையில் எண் தெரிவது அவள் ஒருத்திக்குத்தான். மாமாவுக்குத் தெரியாது. தினேஷுக்குத் தெரியாது. எனக்கும்.

"சரியா?" என்று கேட்டார் அப்பா.

"சரி" என்று சொல்லி அம்மா புத்தகத்தை மூடினாள்.

"பாத்துக்க மச்சான். இது எங்க வீட்டுக் கண்ணு."

மாமா காபியைக்கூடக் குடிக்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

நான் அம்மாவின் பின்னாலேயே சமையலறைக்குப் போனேன்.

"அது ஐம்பத்தேழும்மா."

"தெரியும்" என்றாள்.

பாதியில் விட்டிருந்த அரிசியைத் திரும்பக் களைய ஆரம்பித்தாள்.

"கல்யாணமான வருஷம் உங்கப்பாவுக்கு வரிசையா சொல்லிக் குடுத்தது. இன்னும் மறக்கல பாரு."

இரண்டாவது கழுநீரைக் கொட்டினாள்.

"தினேஷுக்கும் அதே வரிசைதான் சொல்லிக் குடுத்தேன். அவனைத்தான் நடுவுலேர்ந்து கேட்டுட்டாங்க."