ரே வைத்திருந்த அதே கோடு

"ரே வச்சிருந்தானே, அதே கோடு போட்ட ஸ்கோப் ஒண்ணு வேணும்" என்றார் வெண்டல்.

கடைக்காரி லோர்னா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். தொலைதூரக் குறிசுடும் பந்தயத்தின் கடைசி ஆட்டத்துக்கு இன்னும் இரண்டே வாரம். இந்த வருஷப் புள்ளிப் பட்டியலில் வெண்டல்தான் முதலில் இருந்தார். இந்த நேரத்தில் துப்பாக்கி மேல் மாட்டிக் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பை மாற்றுவது, கல்யாணத்துக்கு முதல் நாள் பல்லைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி.

"இப்ப இருக்கிறதுக்கு என்ன கேடு?"

"ஒண்ணுமில்ல."

ஸ்கோப்புக்குள் தெரியும் கோடுகளை வைத்துத்தான் எல்லாமே. காற்று தோட்டாவை எவ்வளவு தள்ளும் என்று கணித்து, அத்தனை கோடு விலக்கிக் குறி வைக்க வேண்டும். அந்தக் கோடுகளுக்கு இரண்டு அளவு உண்டு. ஒன்று மில். இன்னொன்று மினிட், கடிகார நிமிடமல்ல, கோணத்தின் அளவு. ஒரு மில் என்பது ஏறக்குறைய மூன்றரை மினிட்.

அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊர் கிளப்பில் எல்லோரும் மில்லுக்கு மாறிப் பத்து வருஷம் ஆகிறது. மாறாதவர் ரே ஒருவர்தான். யாரிடமும் காற்றுக் கணக்குக் கேட்காமல், பழைய மினிட் கோடுகளை வைத்தே முதல் பரிசான பெல்ட் பக்கிளை ஒன்பது முறை வாங்கிப்போனார். ஒன்பது முறையும் இரண்டாவதாக வந்தவர் வெண்டல்.

மார்ச் மாதம் ரே மாரடைப்பில் போய்விட்டார்.

தோட்டா வாங்க வந்திருந்த கிளீட் சும்மா இருக்கவில்லை. அவன்தான் பட்டியலில் இரண்டாவது.

"உயிரோட இருந்தப்ப அவர ஜெயிக்க முடியல. செத்தப்புறம் அவர் கண்ணாடிய மாட்டிப் பாக்கப் போறியாக்கும்? நோரீனைக் கேளேன், துப்பாக்கியையே குடுத்திடுவா."

"அவ சுடப் போறா. பேர் குடுத்திருக்கா."

அது உண்மைதான். ரேயின் மனைவி நோரீன் மான் வேட்டையில் சுட்டவளே தவிர, பந்தயத்துக்கு வந்தவளல்ல. இந்த ஒரு தடவை கணவரின் துப்பாக்கியோடு வந்து, கடைசி இடம் பிடிக்காமல் திரும்பினால் போதும் என்று லோர்னாவிடம் சொல்லியிருந்தாள். துக்கத்துக்குச் சாப்பாடு கொண்டுபோனவர்களின் பாத்திரங்களை அன்று மாலையே கழுவித் திருப்பிக் கொடுத்தவள் அவள்.

லோர்னா தன்னால் ஆனமட்டும் சொல்லிப் பார்த்தாள். கைக்குப் பழகின கணக்கு ஒன்று, கண்ணுக்குத் தெரியும் கோடு வேறு என்றால், பத்துக் குண்டுக்கு ஒன்றரை நிமிஷம் தரும் பந்தயத்தில் தலை சுற்றிவிடும் என்றாள். வெண்டல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, ஸ்கோப் எப்போது வரும் என்று கேட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரோ அவருக்கு 'சின்ன ரே' என்று பேர் வைத்தார்கள்.

பந்தயத்தன்று காலை மேற்கிலிருந்து நல்ல காற்று. மதிப்பெண் எழுத லோர்னா உட்கார்ந்தாள். நோரீன் வந்ததும் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மற்றவர்கள் மில்லில் சொல்லும் காற்றுக் கணக்கை மினிட்டாகப் பெருக்கிச் சொல்ல ஓர் ஆளைப் பக்கத்தில் நிறுத்துகிறேன் என்றாள்.

"எனக்காக யாரும் தனியாக் கணக்குப் போட வேணாம்" என்றுவிட்டாள் நோரீன்.

வெண்டலுக்கு லோர்னா பயந்ததுதான் நடந்தது. முதல் சுற்றிலேயே புது ஸ்கோப்பில் பழைய பழக்கத்தில் குறிவைத்து மூன்றைத் தவறவிட்டார். அடுத்ததில் இரண்டு. ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் குறியாக நிறுத்திய இரும்புத் தகடு குண்டு படாமல், சத்தமில்லாமல் நின்றது. மதியத்துக்குள் கிளீட் முந்திவிட்டான். இனி வெண்டல் என்ன சுட்டாலும் அந்த பக்கிள் அவருக்கில்லை.

"சின்ன ரே, பெரிய ரேகிட்ட இன்னும் நாலு வார்த்தை கேட்டுட்டு வந்திருக்கலாம்" என்றான் கிளீட். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெண்டலும் லேசாகச் சிரித்தார்.

அந்த விளையாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சுட்டு முடித்தவர் வரிசைக்குத் திரும்பி வந்து, காற்றுக்காகத் தான் எவ்வளவு தள்ளிக் குறி வைத்தேன் என்று சொல்லிவிடுவார். அடுத்து சுடுபவர்கள் அதைக் கேட்டுக்கொள்வார்கள். போட்டி போட்டிதான் என்றாலும் இதை யாரும் மறைப்பதில்லை.

கடைசிச் சுற்று வந்தது. கிளீட் முடித்துவிட்டு வந்து, "இடப்பக்கம் ஒரு மில்" என்றான். எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்தது வெண்டல். பத்தில் ஆறுதான். எழுந்து, முழங்காலில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தார்.

"இடப்பக்கம் மூணரை மினிட்" என்றார், யாரையும் பார்க்காமல், தேவைக்கு அதிகமான சத்தத்தில். "கடைசி ரெண்டு குண்டுக்கு நாலு."

கிளீட்டுக்குப் பொறுமை போய்விட்டது. "காலைலேர்ந்து இதே பாட்டு. மூணுங்கிறே, நாலுங்கிறே. அத வச்சு நாங்க என்ன பண்றது?"

"உன்கிட்ட யாரு சொன்னா?" என்றார் வெண்டல்.

வரிசையின் கடைசியில் நின்ற நோரீன், மணிக்கட்டில் கட்டியிருந்த அட்டையில் மூன்றரை, நாலு என்று எழுதிக்கொண்டு, ரேயின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.