சைவப் பூனை

சிவரஞ்சனி வீட்டு வாசலில் மறுபடியும் ஒரு கொண்டைக்குருவி செத்துக் கிடந்தது.

"உன் பூனை பாத்த சோலிதாம்மா. இன்னைக்கே ஜீப்புல ஏத்திப் போடிமெட்டுல விட்டுரணும்," என்றார் பக்கத்து வீட்டு மொக்கையன். பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவர்.

"அங்க மட்டும் குருவி இல்லையாண்ணே?"

"எம் பூனையப் பாரு, தயிர்ச்சோறு தவிர எதையும் மோந்து பாக்காது. கொள்கை."

"எங்க ரோஜாவ ராத்திரியே கோழிப் பஞ்சாரத்துக்குள்ள போட்டுக் கவுத்துட்டேண்ணே. இன்னும் உள்ளதான் கெடக்கு." பூனையை மூடியிருந்த பஞ்சாரக் கூடையைச் சிவரஞ்சனி கைகாட்டினாள்.

"கொன்னுட்டுத் திரும்ப உள்ள போய்ப் படுத்திருக்கும்."

அப்போது மொக்கையனின் கொள்கைப் பூனை சுவரேறிக் குதித்தது. வாயில் கவ்வியிருந்த இன்னொரு குருவியை, தினமும் தனக்கு மீன்தலை போடுகிற சிவரஞ்சனியின் காலடியில் காணிக்கையாக வைத்தது.

சிவரஞ்சனிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"ஜீப்பு எத்தன மணிக்குண்ணே?"